அப்புச்சி வீட்டு உத்தரத்தில் ஒரு துளை

போன வருசம் தை கழிந்த கையோடு, கோட்டூர்ப் பக்கம் இருந்த எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வீட்டைப் பிரித்தோம். இடித்தோம் என்று சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். கான்கிரீட் வீட்டைத்தான் இடிப்பார்கள், ஓட்டு வீட்டைப் பிரிப்பார்கள் என்பது அவர் கட்சி. அதுவும் சரிதான். ஓடுகள், கைமரங்கள், கதவு, நிலை எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி வந்து வாசலில் கிடந்தன. கடைசியில் ஆசாரத்தின், அதாவது கூடத்தின், குறுக்கே போகும் பெரிய உத்தரம் மட்டும் மிச்சம்.

பொள்ளாச்சியில் இருந்து ஒரு மர வியாபாரி வந்தார். வெற்றிலை போட்ட வாயோடு உத்தரத்தை விரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டினார். நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார்.

“மலைத் தேக்குங்க. இப்ப வர்ற தோட்டத் தேக்கெல்லாம் இந்தச் சத்தம் குடுக்காது.”

மாமா முகத்தில் வெளிச்சம். அடுத்த நிமிசமே வியாபாரி டேப்பை இழுத்து, உத்தரத்தின் மேற்குக் கோடியைக் காட்டினார். “இந்தப் பக்கம் ஒண்ணேகால் அடி கழிவுங்க. தொளை இருக்குதுங்களே.”

அந்தத் துளை எனக்கு நன்றாகத் தெரியும். சுவரைத் தாண்டித் திண்ணைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில், முட்டை வடிவில், ஒரு கை முட்டி நுழைகிற அளவுக்கு இருக்கும். தூரி, அதாவது தொட்டில், கட்ட அதைவிடத் தோதான இடம் கிடையாது. அம்மா, மாமாக்கள், நான், என் தங்கை என்று அத்தனை பேரும் அந்தத் துளையில் கோத்த கயிற்றில்தான் தூங்கி வளர்ந்தோம். தூரி கட்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பொள்ளாச்சிக்கு ரயில் வருவதற்கு முந்தியே கட்டிய வீடு என்பது எங்கள் பாட்டி அம்மிச்சியின் கணக்கு. ரயில் வந்தது 1915-இல். வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல். அப்படியென்றால் மரத்துக்கு?

அந்தக் கேள்விதான் என்னை மாசிக் கடைசியில் டாப்சிலிப்புக்கு அனுப்பியது. வீட்டில் இருந்து பார்த்தால் தெற்கே நீலமாகத் தெரிகிற மலை. சின்ன வயதில் இருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால் யானை, குரங்கு, அப்புறம் கட்டுச்சோறு சாப்பிட்டோம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் தாண்டிச் சேத்துமடை வரைக்கும் ரெண்டு பக்கமும் தென்னந்தோப்புதான். சோதனைச்சாவடி தாண்டியதும் தோப்பு சட்டென்று நின்றுவிடும், மலை ஆரம்பித்துவிடும். காட்டின் பெயரே யானையில் இருந்து வந்ததுதான். பழந்தமிழில் யானைக்கு உம்பல் என்றும் ஒரு பெயர். பதிற்றுப்பத்தில் வரும் உம்பற்காடு இந்தப் பகுதிதான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பரணர் பாடியதற்குச் சேரன் செங்குட்டுவன் அந்த உம்பற்காட்டின் வாரியை, அதாவது அங்கிருந்து வரும் வருவாயை, பரிசாகக் கொடுத்தான் என்று ஐந்தாம் பத்தின் பதிகம் சொல்கிறது. காடு என்றால் வருமானம் என்று கணக்குப் போட்டது வெள்ளைக்காரன் மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். என்ன, பரணர் கோடாலியோடு வந்திருக்க மாட்டார்.

டாப்சிலிப் என்ற பெயர் எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மலை உச்சியில் வெட்டிய தேக்குக் கட்டைகளைச் சரிவில் உருட்டிச் சறுக்க விட்டார்கள். டாப்பில் இருந்து சிலிப். பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி அதை ‘டாப்பு சிலிப்பு’ என்றே சொன்னார். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. ஊருக்கு வேறு பழைய பெயர் இருந்திருக்கும். மரம் சறுக்கிய வேகத்தில் அதுவும் சறுக்கிப் போய்விட்டது.

ஏன் தேக்கு என்பதற்குக் கப்பல்தான் பதில். ஓக் மரத்தில் இருக்கும் துவர்ப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் இருக்கும் எண்ணெயோ இரும்பைக் காப்பாற்றும், கடல் புழுவையும் கொஞ்சம் தள்ளி வைக்கும். பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு வேண்டியிருந்தது. மலபார்க் கரையோரக் காடுகளில் கையெட்டும் தூரத்தில் இருந்ததெல்லாம் வெட்டித் தீர்ந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் கண் ஆனைமலை மேல் விழுந்தது. 1848 வாக்கில் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை இந்தக் காட்டுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். 1856-இல் மதராஸ் மாகாணத்துக்கு வனத்துறை என்று ஒன்று உருவாகி, கிளெக்கார்ன் என்ற மருத்துவர் அதன் தலைமைக்கு வந்தார். காட்டைக் காப்பதற்குப் போட்ட ஆளும் காட்டை வெட்டுவதற்குப் போட்ட ஆளும் ஒரே ஆள்தான். ரெண்டுக்கும் அப்போது வித்தியாசம் இல்லை. இன்று வெட்டினால் நாளைக்கும் வெட்ட மரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் காப்பு.

அந்தக் கணக்கு தப்பாகப் போன இடத்தில்தான் ஹியூகோ வுட் வருகிறார். 1915 வாக்கில் இந்த வனக் கோட்டத்துக்கு வந்தவர். மேலே மவுண்ட் ஸ்டூவர்ட் என்ற இடத்தில் தங்கிக்கொண்டு, மொட்டையாகக் கிடந்த மலையில் தேக்கு நட ஆரம்பித்தார். வெட்டும்போது அடிக்கட்டையை விட்டு வெட்டச் சொன்னார். கரும்பு மறுதாம்பு விடுகிற மாதிரி தேக்கும் அடிக்கட்டையில் இருந்து துளிர்க்கும். கால்சட்டைப் பையில் தேக்கு விதையை நிரப்பிக்கொண்டு நடப்பார், கைத்தடியால் மண்ணில் குத்துவார், ஒரு விதையைப் போடுவார், அடுத்த அடி வைப்பார். இதை டாப்சிலிப்பில் எந்த வழிகாட்டியைக் கேட்டாலும் கைத்தடியோடு நடித்தே காட்டுவார்கள். 1933-இல் இறந்தார். அவர் கேட்டுக்கொண்டபடியே உடலை இங்கே கொண்டுவந்து, அவர் நட்ட மரங்களுக்கு நடுவே புதைத்தார்கள். கல்லறை மேல் லத்தீனில் ஒரு வரி: என் நினைவுச் சின்னத்தைத் தேடினால், உன்னைச் சுற்றிப் பார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னுக்கும் அங்கே அதே வரிதான். ரென் கட்டடத்தைக் காட்டினார், வுட் மரத்தைக் காட்டினார்.

முதல் தடவை அந்தக் கல்லறை முன்னால் நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது உண்மை. இந்தத் தடவை அந்த வரியைச் சொன்னபடியே கேட்டு, சுற்றிப் பார்த்தேன். மாசிக் கடைசி. தேக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டது. ஒரே வயசு, ஒரே உயரம், பள்ளிக்கூடத்துப் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசை வரிசையாகக் குச்சி மரங்கள். தரையில் அப்பளம் மாதிரி காய்ந்த இலைகள், காலடி வைத்தால் அரை மைலுக்குக் கேட்கும். இடையில் உண்ணிச்செடிப் புதர். அரை மணி நேரம் நின்றும் ஒரு பறவைச் சத்தம் இல்லை. வுட் நல்ல மனிதர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் வளர்த்தது தேக்குத் தோட்டம். நாங்கள் மூன்று தலைமுறையாக அதைக் காடு என்று நம்பிக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறோம்.

மர வியாபாரி சொன்னது அங்கேதான் உறைத்தது. மலைத் தேக்கு, தோட்டத் தேக்கு. எங்கள் வீடு ரயிலுக்கு முந்தியது. வுட் வந்ததும் ரயில் வந்த காலத்தில்தான். அப்படியென்றால் எங்கள் உத்தரம் அவர் நட்ட மரம் இல்லை. யாரும் நடாமல் தானாக முளைத்து, வேறு நூறு வகை மரங்களோடு மல்லுக்கட்டி, வெளிச்சத்துக்காக மெதுவாக மேலே போன மரம். அந்தச் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

யாரும் நடாத காடு எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்க, அருகிலேயே கரியன் சோலை இருக்கிறது. வெறும் 5 சதுர கிலோமீட்டர். தேக்குத் தோட்டத்தில் இருந்து சோலைக்குள் கால் வைத்ததும் யாரோ ஜன்னலைச் சாத்தியது போல இருக்கும். வெளிச்சம் குறையும், காற்று குளிரும், காலடிச் சத்தம் நின்றுவிடும். தரை ஈரம். வெளியே எல்லாம் மொட்டை, இங்கே ஒரு இலை உதிர்ந்த அடையாளம் இல்லை. ஒரு மரத்தின் மேல் இன்னொரு மரம், அதன் மேல் கொடி, கொடி மேல் பாசி. காட்டில் கோடை, மழை எல்லாம் நமக்குத்தான், சோலைக்குத் தனிக் காலண்டர்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஆடி மாதம் நண்பர்களோடு இதே சோலைக்குள் வந்து அட்டைகளிடம் மாட்டியது தனிக் கதை. உப்பு கொண்டுவரச் சொன்னார்கள், நாங்கள் அதை மாங்காய்க்கு என்று நினைத்து வழியிலேயே தீர்த்துவிட்டோம். ஒருவன் காலுறைக்குள் பதினேழு எண்ணினோம்.

இந்தத் தடவை என்னோடு வந்தவர் மலசர் இனத்து அண்ணன் ஒருவர், வனத்துறையில் வழிகாட்டியாக வேலை பார்ப்பவர். பேச்சு குறைவு. நடக்கும்போது சட்டென்று நின்று கையைத் தூக்கினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் மேலே எங்கோ ரயில் எஞ்சின் பெருமூச்சு விடுகிற மாதிரி புஸ், புஸ் என்று சத்தம்.

“இருவாச்சிங்க. ரெக்கைச் சத்தம். ஆம்பளை. தீனி கொண்டு போகுது.”

மஞ்சள் தலைக்கவசம் வைத்த மாதிரி அலகு, கருப்பு வெள்ளை இறகு, கிட்டத்தட்ட ஒரு ஆள் ரெண்டு கையையும் நீட்டின அகலத்துக்கு விரிந்த சிறகு. பெரிய இருவாச்சியின் குடும்பக் கதை கேட்டால் நம்ப முடியாது. முட்டை வைக்கும் நேரத்தில் பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்து, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீற்று மட்டும் விடும். இறகையும் உதிர்த்துவிடும். மாதக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழமும் மற்றதும் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்ட வேண்டும். ஆணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதை சிக்கல். இதற்கெல்லாம் முதல் தேவை, ஒரு பறவை உள்ளே போய்க் குடித்தனம் நடத்துகிற அளவுக்குப் பருத்த, வயசான, பொந்து விழுந்த மரம். வரிசையில் நிற்கும் ஒரே வயசுத் தேக்கில் பொந்துக்கு எங்கே போவது? பொந்து விழுந்த மரத்தை மர வியாபாரி கழிவு என்பார். சோலையில் அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி.

கீழே வரும் வழியில் சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்றையும் பார்த்தோம். கருத்த உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் குஞ்சம். சோலைமந்தி என்றும் சொல்வார்கள். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருப்பது. வெடிப்பலாவின் முள் காயைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. தரைக்கு இறங்கவே இஷ்டப்படாத பிராணி. சோலை துண்டு துண்டாகிப் போன வால்பாறைப் பக்கம், வேறு வழி இல்லாமல் சாலையிலும் வீட்டுக் கூரையிலும் திரிகிறது. புதுத்தோட்டத்தில் அவை சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். தீயணைப்புக் குழாயை வைத்துச் செய்தது. குரங்குகளும் சரி என்று ஏற்றுக்கொண்டு அதில் நடக்கின்றன.

துளையின் விசயம் தெரிந்தது கோழிகமுத்தியில். டாப்சிலிப்பைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் யானை முகாம் அது. காலையிலும் மாலையிலும் ராகிக் களி உருண்டை, கொள்ளு, சோறு, வெல்லம் என்று எடை பார்த்து ஊட்டுவார்கள். தைப் பொங்கலுக்கு யானைகளுக்கே பொங்கல் வைப்பார்கள். பாகன்கள் பெரும்பாலும் மலசர்கள். அப்பன் பார்த்த யானையை மகன் பார்ப்பான். இந்த முகாமின் பெரிய புள்ளி கலீம். 1972-இல் சத்தியமங்கலம் காட்டில் குட்டியாகப் பிடிபட்டது. ஊருக்குள் வந்த காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் 99 தடவை கும்கியாகப் போனது. 2023 மார்ச்சில், 60 வயதில், வனத்துறை ஆட்கள் வரிசையில் நின்று மரியாதை செய்ய, ஓய்வு பெற்றது. எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் அரசு வேலையில் ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் அப்படி ஒரு விழா நடக்கவில்லை.

முகாமின் ஓரத்தில் திண்டில் ஒரு வயசான பாகன் உட்கார்ந்திருந்தார். வேலையில் இருந்து நின்று பல வருசம் ஆனவர். யானைகள் மரம் இழுத்த காலத்தில் காவடியாகச் சேர்ந்தவர் என்றார்கள். காவடி என்றால் பாகனுக்கு உதவியாள், யானைக்குத் தழை வெட்டிக் கொண்டுவந்து போடுகிறவர். பேச்சுவாக்கில் அப்புச்சி வீட்டு உத்தரத்தின் படத்தைப் போனில் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். துளையைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

“அது கண்ணுங்க சாமி. கட்டை முனையில கண்ணு வெட்டுவோம். அதுல சங்கிலியக் கோத்துத்தான் ஆனை இழுக்கும். கட்டை கீழ போய்ச் சேந்ததும் அந்த முனைய அறுத்து எறிஞ்சிருவாங்க. உங்கூட்டுல நீளம் பத்தாம விட்டுட்டாங்களாட்ட இருக்குது.”

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. நான் தூங்கிய தூரிக்கு முன்னால் அந்தத் துளையில் ஒரு யானையைக் கட்டியிருந்திருக்கிறார்கள்.

எந்த யானை? அந்தக் காலத்தில் இந்த மலையில் குழி வெட்டித்தான் யானை பிடிப்பார்கள். யானை நடக்கும் தடத்தில் ஆழக் குழி, மேலே மூங்கில் பரப்பித் தழை மூடி வைப்பது. விழுந்ததைப் பட்டினி போட்டு, மரக்கூண்டில் அடைத்து, பழக்கி, பிறகு அது பிறந்த காட்டின் மரத்தையே அதை வைத்து இழுக்க வைப்பது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பழக்கிய மலசர்கள் யானையைப் பிள்ளை மாதிரிதான் பார்த்தார்கள், இன்றும் பார்க்கிறார்கள். ஆனாலும் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில் சின்னத்தம்பியைச் சொல்லாமல் விட முடியாது. 2019 ஜனவரியில் கோவைத் தடாகம் பக்கம் பயிரைத் தின்கிறது என்று அந்தக் கொம்பனைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, டாப்சிலிப் பக்கம் வரகளியாறு காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அங்கலக்குறிச்சிப் பக்கம் இறங்கி வந்துவிட்டது. அங்கிருந்து நடந்து உடுமலை, மடத்துக்குளம் வரைக்கும் போய்க் கரும்புக் காட்டில் தங்கிக்கொண்டது. யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, என் தங்கை வீட்டுக்காரரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், பிப்ரவரி நடுவில் கலீமை வைத்தே பிடித்து, வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைத்தார்கள். இப்போது சின்னத்தம்பியும் ஒரு கும்கி. மலையில் இருந்து மரத்தை உருட்டிவிட்டவர்கள் யாரும், யானை தானாக இறங்கி வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அது தேடி வந்ததும் நாம் மலையடிவாரத்தில் போட்டிருக்கும் கரும்பையும் வாழையையும் சோளத்தையும்தான்.

சரி, கேட்பவர்களுக்காக இந்தக் காட்டின், அதாவது ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின், கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1976-இல் வனவிலங்குச் சரணாலயம். 1961-இல் இந்திரா காந்தி வந்து போனதை வைத்துப் பின்னால் அவர் பெயர் வைத்தார்கள். 1989-இல் கரியன் சோலை, கிராஸ் ஹில்ஸ், மஞ்சம்பட்டி என்று ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று துண்டுகளைச் சேர்த்து 117 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. 2007-இல் முழுவதும் புலிகள் காப்பகம். உள்பகுதி 958 சதுர கிலோமீட்டர், சுற்று வட்டத்தையும் சேர்த்தால் 1,479. இந்தப் பரப்புக்குள் மழை அளவிலேயே உலக வித்தியாசம். வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மழை கொட்டும் இடங்களில் ஒன்று. உடுமலைப் பக்கம் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு மழை மறைவில் கிடக்கும் முள்ளுக்காடு. அங்கே வெளுத்த சாம்பல் நிறத்தில் காட்டுமாடுகள் இருப்பதாகப் பழைய வேட்டைக்காரர்கள் காலத்தில் இருந்து பேச்சு உண்டு.

ஒவ்வொரு பெயர்ப்பலகை மாறும்போதும் காட்டுக்குள் ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு ஒரு புது விதி வந்து சேர்ந்தது. காடர், மலசர், மலைமலசர், புலையர், முதுவர், இரவாளர் என்று ஆறு இனத்தார். காட்டுக்குள் எந்தக் கிழங்கு எப்போது தோண்டலாம், எந்தப் பாறையில் தேன் எந்த மாதம் கனியும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மூங்கில் சீப்பு செய்வதில் காடர்களை அடிக்க ஆள் கிடையாது, ஒருகாலத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குச் சீப்புக் கொடுத்துத்தான் கல்யாணமே. 2019 ஆகஸ்ட் மழையில் கல்லார் குடி என்ற காடர் குடியிருப்பில் மண் சரிந்தது. வேறு நல்ல இடம் என்று அவர்கள் காட்டிய தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டபோது, இது காப்பகம், கூடாது என்று வனத்துறையினர் தடுத்தார்கள். ரெண்டு வருசம் எஸ்டேட் லயன் வீடுகளில் அடைந்து கிடந்து, போராடி, 2021-இல்தான் அந்த இடத்துக்கு உரிமை கிடைத்தது. வெள்ளைக்காரர் ஒருவர் இங்கே புதைய இடம் கேட்டார், மரியாதையோடு கொடுத்தோம். இவர்கள் இங்கே குடியிருக்க இடம் கேட்டதற்கு ரெண்டு வருசம் ஆனது.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மரத்தை விடு மாப்ள, தண்ணிய மறந்துட்டயே” என்றார். நான் மறந்துதான் போயிருந்தேன். மாமாவின் தென்னைக்குப் பாய்வது பிஏபி தண்ணீர். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, பாலாறு என்று எட்டு ஆற்றையும் சுரங்கமும் கால்வாயும் வைத்துக் கோத்து, மேற்கே போக வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. காமராசர் காலத்தில், நம்ம பொள்ளாச்சிக்காரர் சி.சுப்பிரமணியம் அமைச்சராக இருந்தபோது ஆரம்பித்தது. அது வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் சோளமும் கம்பும் கடலையும்தான். இந்த ஊர் தென்னைக்குப் பேர் போனதே அதற்குப் பிறகுதான்.

அந்தத் தண்ணீர் திருமூர்த்தி அணைக்குப் போவது காண்டூர் கால்வாய் வழியாக. சர்க்கார்பதியில் இருந்து 49 கிலோமீட்டர், மலைச்சரிவை ஒட்டி, காப்பகத்துக்கு உள்ளேயே. பக்கச் சுவர் வழுக்கும் சிமெண்டு. தண்ணீர் குடிக்க இறங்கும் மானோ காட்டுமாடோ விழுந்தால் ஏற முடியாது. இதை மாமாவிடம் சொன்னேன். “ஆமா, கேள்விப்பட்டிருக்கறேன்” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் தோட்டத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைக் குடிக்காதே என்று அவரிடம் நான் எப்படிச் சொல்ல முடியும்? அந்தத் தோட்டத்து இளநீரைக் குடித்துக்கொண்டேதான் இதைப் பேசிக்கொண்டிருந்தேன்.

வால்பாறையை இதில் சேர்த்தால் கட்டுரை தாங்காது, ஆனாலும் ஆழியாற்றில் இருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதை மட்டும் விட மனசு வரவில்லை. வண்டியை நிறுத்தினால் கீழே அணை தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி தெரியும். திரும்பிப் பார்த்தால் பாறையில் வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு. 2024-இல் எண்ணியபோது தமிழ்நாடு முழுக்க 1,031 இருந்தன. அவற்றின் உண்மையான வீடு மேலே கிராஸ் ஹில்ஸ் புல்மலை, அங்கே நம்மை விட மாட்டார்கள், விடாமல் இருப்பதே நல்லது. ஒன்பதாவது வளைவில் நிற்பவை கொஞ்சம் நாகரிகம் அடைந்தவை. ஒரு கிடா செல்பி எடுப்பவரின் தோளுக்கு மேலே சலிப்போடு பார்த்துக்கொண்டிருந்ததை நானே கண்டேன். தேயிலைத் தோட்டங்களில் யானை இருக்கும் இரவுகளில் எரியும் சிவப்பு விளக்கும், இன்ன தோட்டத்தில் யானை நிற்கிறது என்று தொழிலாளிகளின் போனுக்கு வரும் செய்தியும் இன்னொரு நாள் எழுத வேண்டிய விசயம். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: காட்டையும் ஊரையும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது என்று ஒத்துக்கொண்ட பிறகு செய்த வேலை அது. அதனால்தான் அது பலிக்கிறது.

மர வியாபாரி பங்குனியில் லாரியோடு வந்தார். உத்தரத்தைக் கன அடிக் கணக்கில் விலை பேசி, பேரம் படிந்து, எங்கள் வாசலிலேயே ரம்பம் வைத்தார்கள். முதலில் அறுத்தது மேற்குக் கோடியில் ஒண்ணேகால் அடி. பிளந்த இடத்தில் இருந்து வந்த வாசம் தெருவரைக்கும் அடித்தது. நூறு வருசத்துக்கு மேல் ஓட்டுக்குக் கீழே கிடந்த மரம், உள்ளே இன்னும் எண்ணெய்ப் பசையோடு பொன் நிறத்தில் இருந்தது. வளையங்கள் நெருக்கமாக, நகம் வைக்க இடமில்லாமல் இருந்தன. நானும் தங்கை மகனும் எண்ண ஆரம்பித்தோம். நூற்று முப்பது வரைக்கும் போய், இடையில் அவனுக்குத் தாகம் எடுத்து, எண்ணிக்கை விட்டுப் போயிற்று.

கழிவுத் துண்டை வியாபாரி எடுத்துப் போகவில்லை, அதற்குக் காசும் தரவில்லை. கோவையில் என் வீட்டு வராந்தாவில் இப்போது கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை மத்தியானத்தில் அதன் மேல்தான் படுக்கும், வாலைத் துளைக்குள் தொங்கப் போட்டுக்கொண்டு.